மெய்ச்சாரி

நோவுமானியில் எண் ஒன்பது புள்ளி நான்கில் போய் நின்றபோது அறையில் இருந்த எல்லோருக்கும் கண் கலங்கியது. தெய்வானைக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

அவள் அப்படித்தான். காய்கறிக் கடையில் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்காயைத் தொடுவாள். கணவன் தும்மினால் ஜலதோஷம் உண்மைதானா என்று ஒரு நிமிடம் யோசிப்பாள். இந்தக் குணத்துக்கு ஏற்ற உத்தியோகம் கிடைத்தது அவள் அதிர்ஷ்டம். கோயம்புத்தூர் வருத்தத் தீர்வகத்தில் பன்னிரண்டு வருடமாக, அடுத்தவர்கள் சொல்லும் சாரியை நிறுத்துப் பார்த்து முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் கண்ட பெரிய எண் ஏழு. கொதிக்கிற பாலைத் தெரியாமல் குழந்தையின் மேல் கொட்டிவிட்ட ஒரு தாய் சொன்ன சாரி அது. அவள் கையும் சேர்ந்து வெந்திருந்தது. அந்தப் பெண்ணைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறார், இதோ எதிரே உட்கார்ந்திருக்கும் வார்ப்பட ஆலை முதலாளி ரத்தினசபாபதி.

அவர் வலது கை நோவுமானியின் தட்டில் இருந்தது. காது மடலில் சிறிய கவ்வி. மேசைக்கு அந்தப் பக்கம் பாவாயி உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆலையில் பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து, உருகிய இரும்போடு கொப்பரை விழுந்ததில் அவள் கணவன் துரையரசன் செத்துப்போனான்.

"துரையரசன் சாவுக்கு மனசார சாரி சொல்றனுங்க" என்றார் ரத்தினசபாபதி மறுபடியும், குரல் தழுதழுக்க. எண் அசையாமல் நின்றது.

"போதுங்க" என்றாள் தெய்வானை. "கையை எடுத்துக்கலாம்."

அவருடைய வக்கீல் மூக்கை உறிஞ்சினார். அதில் உண்மை எவ்வளவு என்று அளக்க இன்னும் கருவி வரவில்லை.

*

ஒரு காலத்தில் சாரி என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் போயிருந்தது. பஸ்ஸில் காலை மிதித்தவன் சாரி என்றான். தப்பான எண்ணுக்குப் போன் போட்டவள் சாரி என்றாள். காது சரியாகக் கேட்காதவரும் சாரி என்று கேள்விபோல இழுத்தார். பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்பதற்கும் சாரி, கல்யாணத்துக்கு வர முடியாது என்பதற்கும் சாரி. ஆபரேஷன் அறையிலிருந்து முகக்கவசத்தைக் கழற்றியபடி வரும் டாக்டர் சொன்னதும் அதே சாரிதான். பாலம் இடிந்து முப்பது பேர் செத்தபோது கட்டியவர் அதையே சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அதற்குப் பிறகுதான் ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. எந்தச் சாரி உண்மை என்று கண்டுபிடிக்க ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள்.

குழு முதலில் 'மன்னிச்சிருங்க' என்று சொல்லச் சொல்லிப் பார்த்தது. ஆட்கள் நாடக மேடையில் நிற்பதுபோலக் குரலை மாற்றிக்கொண்டார்கள். யோசிக்காமல் வாயில் வந்தது சாரி ஒன்றுதான். ஆகவே அதையே பிடித்துக்கொண்டு அதன் வேரைத் தோண்டினார்கள். அங்கேதான் விஷயம் இருந்தது. ஆங்கிலத்தில் துக்கத்துக்கு 'சாரோ' என்று ஒரு சொல் உண்டு. கேட்பதற்குச் சாரியின் அக்காபோல இருக்கும். ஆனால் இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. சாரோவின் பழைய வேருக்குக் கவலை என்று பொருள். சாரி பிறந்தது வேறொரு வீட்டில், புண் என்றும் உடம்பு வலி என்றும் பொருள்படும் 'சோர்' என்ற சொல்லிலிருந்து. ஒலி ஒன்றுபோல இருந்ததால் ஜனங்கள் பல நூறு வருடமாக இரண்டையும் ஒரே குடும்பமாக நினைத்துவிட்டார்கள்.

கவலையை அளக்கக் குழுவுக்கு வழி தெரியவில்லை. வலியை அளக்கத் தெரிந்தது. உண்மையாக வருந்துகிறவனுக்கு நரம்பில் வலி ஓடும், அதை எண்ணாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் நோவுமானி. ஐந்துக்கு மேலே போனால் மெய்ச்சாரி, வழக்கு முடிந்தது, அதற்குமேல் விசாரணை கிடையாது. இடையில் நின்றால் வழக்கு விசாரணைக்குப் போகும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் பொய்ச்சாரி, பெயர் நெஞ்சற்றோர் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் இருக்கிறவனுக்கு ஒருவரும் வேலை தர மாட்டார்கள், பெண் தர மாட்டார்கள், டீக்கடையில்கூட நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள்.

தெய்வானை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் அலுவலர்களுக்கு இந்தச் சொல் கதையைப் பெருமையாகச் சொல்லுவாள். "முகத்தைப் பாக்காதீங்க. முகம் நடிக்கும். எண்ணைப் பாருங்க" என்பாள்.

*

அன்று ஒன்பது புள்ளி நான்கைப் பார்த்த பிறகு அவள் செய்த முதல் வேலை, எண் ஏறிய விதத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தது. வழக்கமாகச் செத்தவரின் பெயரைச் சொன்ன பிறகுதான் எண் ஏறும். இவருக்குப் பெயரைச் சொல்வதற்கு அரை நொடி முன்பே ஏறியிருந்தது. வருத்தம் வருவதற்கு முன்னால் வலி வந்திருந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. தீர்வகத்தில் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எழுதிவைத்த விதி ஒன்றுமில்லை, வழக்கம்தான். ரத்தினசபாபதி மட்டும் பளபளக்கும் ஷூவோடு வந்தார். சர்க்கரை வியாதி, பாதத்தைக் காற்றில் காட்டக் கூடாது என்று டாக்டர் கடிதம் வைத்திருந்தார். ஆனால் போகும்போது வரவேற்பறையில் இருந்த மைசூர்பாகில் இரண்டு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைத் தெய்வானை பார்த்தாள்.

அன்று காலையில் இதே வழக்கில் இன்னொரு ஆளையும் அளந்திருந்தாள். பாரந்தூக்கியை ஓட்டிய ராக்கியப்பன். ஐம்பது வயதிருக்கும். தட்டில் கையை வைத்து, "சாரிங்க" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை. எண் பூஜ்யம் புள்ளி ஆறு.

"வேற ஏதாச்சும் சொல்றீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

"என்னத்தைங்க சொல்றது. மூணு வாரமா ஒண்ணுமே உறைக்க மாட்டேங்குது. சோத்துல உப்பு இருக்குதா இல்லையான்னுகூடத் தெரியலைங்க."

"எண் பொய் சொல்லாதுங்க" என்று சொல்லி அவள் பொய்ச்சாரி முத்திரையைக் குத்தினாள். மறுநாள் சாயங்காலம் பட்டியலில் பெயர் வந்துவிடும். முதலாளிக்கு மெய்ச்சாரி, ஓட்டியவருக்குப் பொய்ச்சாரி என்றால் விபத்துக்கு யார் காரணம் என்று உலகத்துக்குத் தெரிந்துவிடும். ஆலையை மறுவாரம் திறந்துவிடலாம், அதே பாரந்தூக்கியோடு.

முத்திரை குத்துமுன் ஒரே ஒரு தடவை மறு அமர்வு கேட்க அலுவலருக்கு அதிகாரம் உண்டு. அதைத் தெய்வானை எடுத்து வெகுநாள் ஆகியிருந்தது. ரத்தினசபாபதியின் தாளில் எழுதினாள்: மறு அமர்வு நாளைக் காலை ஒன்பது மணிக்கு, பாதிக்கப்பட்டவர் வீட்டில்.

*

சூலூரில் பாவாயியின் வீடு இரண்டே அறை. முன்னறையில் துரையரசனின் படம், மாலை, சிறிய விளக்கு. தெய்வானை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கையடக்க நோவுமானியைப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

ரத்தினசபாபதியின் கார் வந்தது. வாசற்படி வரை வந்தவர் நின்றார். படிக்குக் கீழே இருந்த இரண்டு ஜோடிச் செருப்பை அவர் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார்.

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னு..."

"தெரியுமுங்க" என்றாள் பாவாயி. குரலில் கோபம் இல்லை. "ஆனா இது சாவு வீடுங்க. இங்க ஷூவோட வந்து அவரு படத்துக்கு முன்னால நின்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அப்படியே போயிருங்க."

போனால் மறு அமர்வுக்கு வராதவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். ரத்தினசபாபதி பொறியாளர்களை வைத்து யோசித்திருப்பார், வக்கீலை வைத்து யோசித்திருப்பார். ஒரு சாவு வீட்டு வாசற்படியைப் பற்றி அவரிடம் சம்பளம் வாங்கும் ஒருவரும் யோசிக்கவில்லை. அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். வலது காலுறையில் குதிகால் பக்கம் சிறிய கறை இருந்தது.

படத்துக்கு முன்னால் நின்று அழகாகத்தான் சொன்னார். நேற்றைவிடக் குரல் நன்றாகத் தழுதழுத்தது. எண் ஒன்று புள்ளி இரண்டு. அதுவும் நேற்றைய புண்ணின் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

தெய்வானை எழுந்து வாசலுக்குப் போனாள். அரசாங்க அலுவலர் அடுத்தவர் ஷூவைக் கையில் எடுப்பது அழகில்லைதான். எடுத்து, உள்தோலைப் பிரித்துக் கவிழ்த்தாள். காய்ந்த நெருஞ்சி முள் இரண்டு படியில் விழுந்தன.

"கோயிலுக்குப் போனப்ப ஏறியிருக்கும்" என்றார் ரத்தினசபாபதி.

"உள்தோலுக்கு அடியில போய் ஏறுச்சுங்களா?"

அவர் ஷூவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தார். தெய்வானை இரண்டு முள்ளையும் ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தாள். மகிழ்ச்சியாக இருந்தது. மறைப்பானேன், பன்னிரண்டு வருடத்தில் இத்தனை மகிழ்ச்சியாக இருந்ததில்லை. "இனி விசாரணை வரும். சங்கிலியை எடுத்துப் பாப்பாங்க" என்று பாவாயியிடம் சொன்னாள்.

பாவாயி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். "அப்ப ராக்கியண்ணனுங்க?"

"அவருக்கு எண் ஒண்ணுகூட வரலைம்மா."

"நேத்து வரைக்கும் தெனம் காலைல வந்துட்டுத்தான் இருந்தாரு, இன்னைக்குத்தான் காணம். தண்ணி வண்டி வந்ததும் எட்டுக் குடத்தையும் நெரப்பி உள்ள எடுத்து வெச்சுட்டுப் போயிருவாரு. மூஞ்சியை நிமித்திப் பாக்க மாட்டாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. சங்கிலி இத்துப்போச்சுன்னு மூணு தடவை மொதலாளிகிட்டச் சொன்னது அவருதான். ஓட்டுன்னாங்க, ஓட்டிட்டாரு. எங்கூட்டுக்காரரைச் சுடுகாடு சேர்க்கற வரைக்கும், நான் ஓட்டியிருக்கக் கூடாதுன்னு ராக்கியண்ணன் சொல்லிக்கிட்டே நின்னாரு. அன்னைக்குப் பேசுனதுதான்."

தெய்வானையின் மகிழ்ச்சி அங்கேயே வடிந்தது. பாலைக் கொட்டிய அந்தத் தாய் நினைவுக்கு வந்தாள். ஏழு என்ற எண்ணைப் பார்த்து அன்று தெய்வானையே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது வருத்தத்தின் எண்ணா, வெந்த கையின் எண்ணா? அடிபட்ட உடம்பு கத்தும். துக்கம் முற்றிப்போன மனசு கத்தாது, மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும். குழு அளக்கத் தெரிந்ததை அளந்தது. அளக்கத் தெரியாததை இல்லை என்று எழுதிவிட்டது. அதில் பன்னிரண்டு வருடம் முத்திரை குத்தியது இந்தக் கை. எத்தனை ராக்கியப்பன்கள் என்று எண்ணப் பார்த்தாள், முடியவில்லை.

*

பொய்ச்சாரி முத்திரையை அழிக்க அலுவலரால் முடியாது. அளக்கப்பட்டவர் கையெழுத்துப் போட்டு மறு அளவீடு கேட்கலாம், பட்டியல் வெளியாகும் முன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியல். பதினொரு மணிக்கெல்லாம் தெய்வானை ராக்கியப்பன் வீட்டில் இருந்தாள்.

ராக்கியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேசியது அவர் மனைவி முத்தாயி.

"கையெழுத்தா? எதுக்குங்க? திரும்பக் கூட்டிட்டுப் போயி, நெஞ்சில்லாதவன்னு இன்னொருக்கா சொல்றதுக்கா?"

"இல்லீங்க. நான் செஞ்சது தப்பு. அதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன்."

"தப்புன்னா?"

"சாரிங்க" என்றாள் தெய்வானை. உண்மையாகத்தான் சொன்னாள். இதற்கு முன் எப்போது ஒருவரிடம் அப்படிச் சொன்னோம் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

முத்தாயி அலமாரியிலிருந்து வீட்டு நோவுமானியை எடுத்து வந்தாள். தீப்பெட்டி அளவில் இப்போது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கணவன்மார் தாமதமாக வந்த கதையும், மருமகள்கள் பாத்திரம் உடைத்த கதையும் அதில்தான் தீரும். "காதைக் காட்டுங்க மேடம்" என்று கவ்வியை மாட்டினாள். வலது கையைத் தட்டில் வைக்கச் சொன்னாள். "இப்பச் சொல்லுங்க."

"ராக்கியப்பனுக்கு நான் செஞ்சதுக்குச் சாரிங்க."

பூஜ்யம் புள்ளி மூன்று.

முத்தாயி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். "எங்கூட்டுக்காரருக்கு அரைக்கு மேல வந்துச்சு. உங்களுக்கு அதுகூட இல்லீங்களே."

"இந்த எண்ணை நம்பாதீங்க. இது பொய்."

"நேத்து நீங்கதானுங்க எண் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க. அதைக் கேட்டுட்டு வந்துதான் இந்த மனுசன் கட்டிலை விட்டு எந்திரிக்காமக் கெடக்கறாரு. தனக்கு நெஞ்சே இல்லையாட்ட இருக்குதுன்னு என்கிட்டச் சொல்றாரு." அவள் குரல் உடைந்தது. "நீங்க போங்க மேடம். மொதலாளி ஆளு யாரோ உங்களை அனுப்பியிருக்காங்க. எங்களுக்கு எதுலயும் கையெழுத்து வேண்டாம்."

சந்தேகம் எப்படி இருக்கும் என்று தெய்வானைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் அது தந்திரம் ஆகிவிடும். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சு. சுவரில் கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

விண்ணப்பத் தாளையாவது வைத்துவிட்டுப் போகலாம் என்று வலது கையைத் தட்டிலிருந்து எடுக்காமலே இடது கையைப் பைக்குள் விட்டாள். விரலில் காகித மடிப்பு பட்டது.

அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு முழு மூச்சு நேரம் யோசித்தாள். பிறகு பைக்குள்ளேயே மடிப்பைப் பிரித்து, முள் ஒன்றை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பொத்தினாள்.

"சாரிங்க" என்றாள்.

எட்டு புள்ளி ஏழு.

முத்தாயி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்வானையின் கண்ணில் நீர் வந்திருந்தது. அது எதனால் வந்தது என்று தெய்வானைக்கே சரியாகத் தெரியவில்லை.

"இப்பத்தான் மேடம் நம்பிக்கை வருது" என்றாள் முத்தாயி. "தப்பா நெனச்சுக்காதீங்க. காலம் அப்படி இருக்குது. இருங்க, மோர் கொண்டாரேன்." உள்ளே போனாள்.

ராக்கியப்பன் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தெய்வானை அதைப் பையில் வைத்தாள். பிறகு இடது கையை வெளியே எடுத்து, அவர் முன்னால் கட்டிலில் காகித மடிப்பை வைத்தாள். அதில் ஒரு முள் மிச்சம் இருந்தது.

"ரெண்டு மணிக்குத் தீர்வகத்துக்கு வாங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "வலது கையைத்தான் தட்டுல வைக்கச் சொல்லுவாங்க. இடது கை சும்மாதான் இருக்கும்."

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு அவள் உள்ளங்கையில் ரத்தப் பொட்டைப் பார்த்தார்.

"அப்ப நீங்க இப்பச் சொன்னதுங்க?"

"நெஜந்தானுங்க. முதல்ல சொன்னதும் நெஜந்தான்."

கவ்வி இன்னும் அவள் காதில் இருந்தது. ராக்கியப்பன் நோவுமானியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், கண், வாய், நெற்றி என்று ஒவ்வொன்றாக, தெரியாத ஊரில் பஸ் பலகையைப் படிப்பவர்போல. ஒன்றும் பிடிபட்டதாகத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்து அறிகிற பழக்கம் அவருக்கும் விட்டுப்போயிருந்தது. அதை விடச் சொல்லி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மோர் கலக்கும் சத்தம் கேட்டது. ராக்கியப்பன் முள்ளை எடுத்து, கட்டைவிரலில் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"கூராத்தானுங்க இருக்குது" என்று சொல்லி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.